குழாய்வழி வரும் காரீயம்

குடிநீரைப்பற்றி மக்கள் கொள்ளும் ஐயமெல்லாம் பெரும்பாலும் அது பிறக்கும் இடத்தைப் பற்றியதாகவே இருக்கும். ஏரி மாசுற்றதோ, ஆற்றிற் சாக்கடை கலந்ததோ, கிணற்றிற்குக் கைப்பிடிச் சுவர் உண்டோ என்றிவற்றையே வினவுவர். அவ்வினாக்கள் வேண்டற்பாலனவே. ஆயினும், ஏரியிலே தூயதாய் இருந்து, வடிகட்டப்பெற்று, நோய்க்கிருமிகள் ஒழிக்கப்பெற்று, பல கல் தொலைவு பழுதின்றி வந்த நீர், தெருவினின்றும் வீட்டினுட் புகும் கடைசிச் சில கஜ தூரத்திலே நஞ்சேறிவிடுதலும் கூடும். அந்நஞ்சினால் நீரின் நிறம் மாறாது, மணம் மாறாது, சுவையும் மாறாது. நாவும் மூக்கும் கண்ணும் அதனை அறியமாட்டா. இத்தன்மைத்தாகிய காரீயம் குழாய்நீரிற் கலக்கும் வகையையும், அதனால் உடற்கு நேரும் கேட்டையும், அமெரிக்க நகரம் ஒன்று இதனால் உற்ற துயரையும் ஈண்டுச் சிறிது விரித்துக் கூறுவாம்.

முதற்கண் பெயரைப்பற்றி ஒரு சொல். நம் தமிழில் ஈயம் என்னும் ஒரே சொல் இருவேறு உலோகங்களைக் குறித்து வழங்குகின்றது. பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தே பூசப்படுவதும், நம் பாட்டிமார் ரசம் வைக்கும் ஈயச் சொம்பாவதும் வெள்ளீயம், அதனால் தீங்கில்லை. யாம் கூறப்புகுந்தது அதனின் வேறாகிய காரீயம். இரண்டிற்கும் ஒரு பெயர் வழங்குதலாற் சிலர் தீங்கற்றதனை அஞ்சுகின்றனர். சிலர் தீங்குடையதனை அஞ்சாது விடுகின்றனர். மலிவு கருதி வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலப்பாரும் உண்டாதலின், இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் இல்லறத்தார்க்குப் பயனுடைத்து.

நிற்க. காரீயம் மிக மென்மையான உலோகம். அதனாற் செய்த மெல்லிய குழாயைக் கையால் வளைக்கலாம், கத்தியாற் கீறலாம். 327 டிகிரி வெப்பத்திலேயே அது உருகிவிடும். இரும்பைப்போலத் துருவேறி உதிர்வதில்லை. நிலம் சற்றே தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் உடைந்துபோகாமல் வளைந்துகொடுக்கும். குழாய்க்கு வேண்டும் குணங்களெல்லாம் ஒருங்கே அமைந்த பொருள் இதனினும் பிறிதில்லை என்றே மேனாட்டு முன்னோர் கருதினர். இலத்தீன் மொழியில் இதற்குப் பிளம்பம் என்று பெயர். குழாய் வேலை செய்வாரை நாமும் இக்காலத்துப் பிளம்பர் என்றே அழைக்கின்றோம் அல்லவா? காரீய வேலைக்காரர் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். தொழிலின் பெயரோடு நஞ்சின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதை நினைப்பார் அரியர்.

இதன் தீமையை முன்னோர் அறியாதிருந்தனர் என்று கூறுதலும் பொருந்தாது. கி.மு. முதல் நூற்றாண்டில் கட்டடக் கலையைப்பற்றி நூலெழுதிய விட்ருவியஸ் என்னும் ரோமானியர், காரீயக் குழாயினும் சுட்ட மண்குழாயே உடல்நலத்திற்கு ஏற்றது என்று தெளிவாகக் கூறியிருக்கின்றார். காரீயம் உருக்கும் தொழிலாளரின் முகம் வெளிறியிருத்தலை அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார். வெள்ளிப் பாத்திரங்கள் நிறைந்த செல்வர் வீட்டிலும், சுவை கெடாமைப்பொருட்டு மட்கலத்தையே பயன்படுத்துகின்றனர் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. இளமையில் அச்சுத்தொழில் பயின்று காரீய எழுத்துக்களோடு பழகிய பெஞ்சமின் பிராங்கிளின் 1786ஆம் ஆண்டில் தம் நண்பர் ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில், காரீயத் தகடு வேய்ந்த கூரையினின்றும் வடிந்த மழைநீரைப் பருகிய ஒரு குடும்பத்தார் கடும் வயிற்றுவலியால் வருந்தினர் என்று குறித்துள்ளார். அக்கூரைமேல் மரங்களின் இலைகள் உதிர்ந்து அழுகி, அவற்றின் புளிப்பு காரீயத்தை அரித்தது என்பதே அவர் கண்ட காரணம். மழைநீரோ தூயது, கூரையே அதனைக் கெடுத்தது. இக்கருத்தை வாசகர் நினைவிற் கொள்வாராக.

இனி, காரீயக் குழாயில் ஓடும் நீரெல்லாம் ஒரே அளவாய் நஞ்சேறுமோ எனின், அவ்வாறன்று. சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஊரிலே வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறத்தில் வெண்மையான பொருக்குப் படிதலை யாவரும் கண்டிருப்பர். காரீயக் குழாயின் உள்ளும் அதனையொத்ததொரு பொருக்கு உண்டாகின்றது. நீரிலே கரைந்துள்ள கார்பனேட் என்னும் பொருள் காரீயத்தோடு கூடி, எளிதிற் கரையாத ஒரு மெல்லிய படலமாய்க் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். நாட்செல்லச் செல்ல அப்படலமே, உலோகம் நீரைத் தீண்டாதபடி இடையிலே நிற்கும் திரையாகின்றது. இத்திரை நிலைபெறுவதற்கு நீர் சிறிது காரத்தன்மை உடையதாயிருத்தல் வேண்டும். நீரில் அமிலத்தன்மை மிகுந்தாலும், உப்பிலுள்ள குளோரைடு மிகுந்தாலும், திரை கரையும், அரிப்பு மிகும். ஆதலின், மலைச்சாரலிற் பெய்து பாறைமேல் ஓடிவந்த, உப்பும் சுண்ணாம்பும் அற்ற, தேன்போன்ற மென்னீரே காரீயக் குழாயிற் பெருங்கேடு விளைப்பதாயிற்று. நம் கண்ணுக்கு மிகத் தூயதாய்த் தோன்றுவது யாதோ, அதுவே காரீயத்தை மிகுதியாய் உண்பது!

ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்தின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1859ஆம் ஆண்டில் கத்ரீன் என்னும் மலையேரியினின்றும் நீர் கொணரும் பெரும்பணியை விக்டோரியா அரசியார் தொடங்கிவைத்தார். முன்னே பல்லாயிரவரைக் கொள்ளைகொண்ட காலரா, 1866ஆம் ஆண்டில் மீண்டும் வந்தபோது அந்நகரத்தில் மிகச் சிலரையே பற்றியது. இது பெருநன்மையே, இதனை யாரும் மறுத்தற்கில்லை. ஆயின், அவ்வேரிநீர் மிக மென்மையானது. அது காரீயக் குழாய்களிலும், மாடங்களில் வைத்த காரீயத் தொட்டிகளிலும் தங்கித் தங்கித் தலைமுறை தலைமுறையாய் மக்கள் உடம்பிற் காரீயத்தைச் சேர்த்துவந்தது. 1978ஆம் ஆண்டிலே நீரிற் சுண்ணாம்பு கலக்கத் தொடங்கிய பின்னரும், 1989ஆம் ஆண்டு முதற் பாஸ்பேட் என்னும் உப்பைச் சேர்த்த பின்னருமே மக்கள் இரத்தத்திற் காரீயத்தின் அளவு தாழ்ந்தது. காலராவை ஓட்டிய நீரே மற்றொரு நோயைக் கொணர்ந்தது என்பதை உணர நூறாண்டிற்கு மேலாயிற்று.

மேற்கூறிய பாஸ்பேட்டைப்பற்றிச் சிறிது விளக்குதல் வேண்டும். அதனை மிகச் சிறிய அளவில் நீரிற் கலந்தால், அது காரீயத்தோடு கூடி, முன் கூறிய படலத்தினும் உறுதியானதொரு படலத்தைக் குழாயின் உள்ளே உண்டாக்கும். குழாய்களைத் தோண்டியெடுத்து மாற்றுவதற்குப் பெரும்பொருளும் நெடுங்காலமும் வேண்டும். இதற்கோ சிறுபொருளே போதும். ஆனால் இது தீர்வன்று, காவலே. காவலன் ஒருநாள் நீங்கினாற் கள்வன் உள்ளேயே இருக்கின்றான்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் அக்காவல் நீங்கிய கதை உலகறிந்தது. அக்காலத்தில் ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த ஊர் அது. மோட்டார் வண்டித் தொழிலாற் செழித்து, அத்தொழில் குன்றியபின் வறுமையுற்றது. நகர ஆட்சி கடன்பட்டமையால், 2011ஆம் ஆண்டு முதல் மாநில அரசினர் அமர்த்திய அதிகாரிகளே அதனை நடத்திவந்தனர். அதுவரை அவ்வூரார்க்கு ஹூரான் ஏரியின் நீர் டெட்ராயிட் நகர நீர்நிலையத்தாராற் பாஸ்பேட் கலந்து அனுப்பப்பட்டுவந்தது. செலவைச் சுருக்கும்பொருட்டு, 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் அதனை நிறுத்திவிட்டு, ஊரின் ஊடே ஓடும் பிளின்ட் ஆற்றுநீரையே தூய்மைசெய்து வழங்கத் தொடங்கினர். ஆற்றுநீரிற் குளோரைடு மிகுதி. தூய்மை செய்யும்போது சேர்த்த மருந்துகளால் அது மேலும் மிகுந்தது. அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டையோ ஒருவரும் கலக்கவில்லை. பல்லாண்டுகளாய்ப் படிந்திருந்த படலம் கரைந்தது, காரீயம் வெளிப்பட்டது.

மக்கள் முறையிடாமல் இல்லை. பழுப்புநிற நீரைப் புட்டிகளில் ஏந்திக்கொண்டு கூட்டங்களுக்குச் சென்றனர். அந்நிறம் இரும்புக் குழாய்களின் துருவேயன்றிக் காரீயமன்று. காரீயத்திற்கு நிறமில்லை என முன்னரே கூறினோம். எனினும் குழாய் அரிபடுகின்றது என்பதற்கு அத்துரு கண்கூடான அடையாளம் அன்றோ? அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார், தங்கள் தொழிற்சாலையில் இயந்திர உறுப்புக்களை இந்நீர் அரிக்கின்றது என்று கண்டு, அதனை விடுத்து ஹூரான் ஏரிநீருக்கே மீண்டனர். இரும்புக்கு ஒவ்வாத நீர் மகவுக்கு ஒக்கும் என்று அதன் பின்னரும் ஓராண்டு அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தது, இவ்வரலாற்றிற் படிப்பார் நெஞ்சை மிகவும் புண்படுத்தும் பகுதி.

நான்கு மக்களின் தாயாகிய ஓர் அம்மையாரின் வீட்டு நீரை 2015ஆம் ஆண்டு பிப்ரவரியிற் சோதித்தபோது, ஒரு லிட்டரில் 104 மைக்ரோகிராம் காரீயம் காணப்பட்டது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரோகிராம் எனப்படும். அந்நாட்டில் நகர நீர்நிலையத்தார் நடவடிக்கை எடுக்க வேண்டிய எல்லையென அப்போது வகுத்திருந்தது 15. மார்ச்சு மாதத்தில் அவ்வீட்டு நீரின் அளவு 397 ஆயிற்று. பின்னர் வர்ஜீனியா பல்தொழிற் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் என்பார் சோதித்தபோது, அவ்வீட்டிலெடுத்த ஒரு புட்டியில் 13,200 மைக்ரோகிராம் இருந்தது. 5,000க்கு மேற்பட்ட காரீயமுடைய கழிவுநீரை அபாயக் கழிவென்று ஒதுக்குவது அந்நாட்டு விதி. இதுவோ குழந்தைகள் பருகும் நீர்! எட்வர்ட்ஸும் அவருடைய மாணவரும் அவ்வூரிலே 300 வீடுகளுக்குப் புட்டிகளை அனுப்பினர். ஊர்மக்களே நீரை நிரப்பித் திருப்பியனுப்ப, கேடு ஒரு வீட்டோடு நிற்கவில்லை என்பது வெளிப்பட்டது. கல்லூரி மாணவராகிய நமக்கு இச்செய்தி தனி உவகை தருகின்றது.

நீரில் உள்ளது உடம்பிற் புகுந்ததோ என்னும் வினாவிற்கு விடை தந்தவர் மோனா ஹன்னா-அட்டிஷா என்னும் குழந்தை மருத்துவர். மருத்துவமனைக் குறிப்புக்களை ஆராய்ந்து, இரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்குக் குறையாத காரீயமுடைய சிறு குழந்தைகள், நூற்றுக்கு 2.4 பேராக இருந்தது, நீர் மாற்றியபின் 4.9 பேராகப் பெருகியது என்று 2015ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். ஈண்டு அளவு ஒரு டெசிலிட்டர் இரத்தத்திற்கு என்று கொள்க. முதலில் அதிகாரிகள் அவரைப் பழித்தனர். சில நாட்களில் தங்கள் கணக்கும் அதுவே எனக் கண்டு இசைந்தனர். அக்டோபர் 16ஆம் நாள் ஏரிநீர் மீண்டது. ஆயினும் கரைந்த படலம் ஒரே நாளில் மீள்வதன்று. 2016ஆம் ஆண்டு ஜனவரியில் ஜனாதிபதி ஒபாமா அவ்வூரில் நெருக்கடி நிலையை அறிவித்தார்.

காரீயம் உடம்பிற் புரியும் வஞ்சகத்தை இனிக் காண்போம். எலும்பிற்கும் நரம்பிற்கும் இன்றியமையாத சுண்ணாம்புச் சத்தின் வேடத்தைப் பூண்டு அது உள்ளே நுழைகின்றது. உடம்பு அதனைச் சுண்ணாம்பென்றே நம்பி ஏற்று எலும்பிற் சேமித்து வைக்கின்றது. இரத்தத்தில் அதன் அளவு பாதியாவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் செல்லும். எலும்பிலோ பல்லாண்டுகள் தங்கியிருக்கும். ஒரு பெண் தன் இளமையில் உண்ட காரீயம், அவள் கருவுற்ற காலத்து, சிசுவின் எலும்பு வளர்ச்சிக்காகத் தாயின் எலும்பு கரையும்போது, அதனோடு வெளிப்பட்டுக் கருவையும் அடைகின்றது. வளர்ந்தோர் தாம் விழுங்கிய காரீயத்திற் பத்தில் ஒரு பங்கையே பெரும்பாலும் உட்கொள்ள, குழந்தைகளோ ஏறக்குறையப் பாதியை உட்கொள்வர். வயிறு வெறுமையாயிருந்தாலும், உணவில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தாலும் அது இன்னும் மிகும். ஆகவே ஏழைக் குழந்தைக்கே இடர் அதிகம். பால்மாவை நீரிற் கரைத்துப் புட்டியில் ஊட்டப்பெறும் சிசுவிற்கு உணவெல்லாம் குழாய்நீரே என்பதையும் எண்ணுக.

பேரளவிற் புகுந்தாற் கடும் வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தக்குறைவு, கைகால் தளர்ச்சி, வலிப்பு முதலியன தோன்றும். இவற்றை மருத்துவர் எளிதிற் காண்பர். குடிநீராற் பெரும்பாலும் நேர்வது இதுவன்று. சிறிது சிறிதாய்ச் சேரும் காரீயம், வளரும் மூளையின் நரம்புப் பின்னலைக் குலைத்து, அறிவின் கூர்மையைச் சில படிகள் தாழ்த்துகின்றது. மனத்தை ஒருமைப்படுத்தும் ஆற்றலைக் குறைக்கின்றது. குழந்தை விளையாடும், சிரிக்கும், நோயுற்றதாகவே தோன்றாது. பின்னர்ப் பள்ளியிலே பாடம் ஏறாதபோது ஆசிரியர் அதனை மந்தன் என்பார். பெற்றோர் சோம்பேறி என்பர். குழாயை ஐயுறுவார் யார்? இரத்தத்திலுள்ள காரீயத்தை மருந்தால் ஓரளவு நீக்கலாம். கெட்ட மூளையை அம்மருந்து மீட்பதில்லை. வளர்ந்தோர்க்கும் இரத்த அழுத்தமும் சிறுநீரகக் கேடும் இதனால் உண்டாகின்றன. தீங்கற்ற அளவு என்று ஒன்று இதுவரை கண்டறியப்படவில்லை. உலகச் சுகாதார ஸ்தாபனமும் இந்தியத் தர நிறுவனமும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்று வகுத்த எல்லை, அடையக்கூடிய அளவு கருதி இட்டதேயன்றி, அதற்குக் கீழ் நலமே என்று உறுதி கூறுவதன்று.

நீரைச் சோதிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. இரவெல்லாம் குழாயில் தங்கிய நீரிலேதான் காரீயம் மிகுதியாய் இருக்கும். முந்தின இரவிற் குழாயைத் திறந்து நெடுநேரம் நீரைப் போக்கிவிட்டு மறுநாட் காலையிற் புட்டியை நிரப்பினால், அளவு குறைந்து காணும். பிளின்ட் நகரில் இவ்வாறு செய்யுமாறு மக்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தனர். காணாதிருத்தற்பொருட்டுத் தேடுதல் என்பது இதுதான் போலும்.

வீட்டார் செய்யக்கூடியவை சிலவே. காலையில் முதலில் வரும் நீரைப் பருகாமல், நன்கு குளிரும்வரை சில நிமிடம் ஓடவிட்டு, அந்நீரைச் செடிக்கோ பாத்திரம் துலக்கவோ பயன்படுத்துக. சமையலுக்கும் பருகுதற்கும் தண்ணீர்க் குழாயினின்றே பிடிக்க வேண்டும். சூடான நீர் காரீயத்தை மிகுதியாய்க் கரைக்குமாதலின், வெந்நீர்க் குழாயினின்று பிடித்தல் ஆகாது. கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், காரீயமோ போகாது. நீர் ஆவியாய்க் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். கொதித்த நீர் குற்றமற்ற நீர் என்னும் நம் வீட்டு நம்பிக்கை இங்கே பயன்படாது. காரீயத்தை நீக்குமெனச் சோதித்துச் சான்று பெற்ற வடிகட்டிகள் உதவும்.

நம் நாட்டு வீடுகளில் இரும்புக் குழாயும், பின்னர்ப் பிளாஸ்டிக் குழாயுமே பெருவழக்கு. இருப்பினும் பி.வி.சி. குழாய்கள் வெப்பத்தாற் கெடாதிருக்கக் காரீய உப்புக்களைச் சேர்த்துச் செய்யும் வழக்கம் நெடுநாள் இருந்தது; அதனைப் படிப்படியாய் ஒழிக்க மத்திய அரசினர் 2021ஆம் ஆண்டில் விதி செய்தனர். அதற்குமுன் பதித்த குழாய்கள் சுவருக்குள் இருக்கின்றன. பித்தளைக் குழாய்த் திருகுகளிலும், பழைய பற்றாசுகளிலும் காரீயம் உண்டு.

அமெரிக்காவிற் புதிதாய்க் காரீயக் குழாய் பதித்தல் 1986ஆம் ஆண்டிலே தடுக்கப்பட்டது. சிகாகோ நகரத்திலோ, அவ்வாண்டு வரை வீட்டிற்குள் வரும் கிளைக் குழாய் காரீயத்தால் ஆனதாகவே இருத்தல் வேண்டுமென்பது நகரச் சட்டம்! எஞ்சியுள்ள குழாய்களையெல்லாம் பத்தாண்டிற்குள் மாற்ற வேண்டுமென 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசினர் விதி வகுத்தனர். தெருப்பக்கத்துப் பாதியை மட்டும் அறுத்து மாற்றி, வீட்டுப்பக்கத்துப் பாதியை உடையவர் பொறுப்பென்று விட்டுவிடுதல் முன்பு வழக்கம். அவ்வாறு அறுக்கும் அதிர்ச்சியாற் படலம் உதிர்ந்து, சில காலம் நீரிற் காரீயம் முன்னிலும் மிகுந்ததைக் கண்டபின், முழுக் குழாயையும் ஒருங்கே எடுப்பதே முறையெனத் தெளிந்தனர்.

பிளின்ட் நகரில் 2017ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி தெருத் தெருவாய்த் தோண்டி, காரீயக் குழாய்களை எடுத்துச் செப்புக் குழாய்களை இட்டனர். ஏறக்குறைய 11,000 குழாய்களை மாற்றி அவ்வேலை முடிந்தது 2025ஆம் ஆண்டில். 2014ஆம் ஆண்டில் ஆற்றுநீரிற் கரைத்த பாலைப் புட்டியிற் பருகிய குழந்தைகளுக்கு அப்போது வயது 11.